மேட்டில் நின்ற வண்டி

எங்கள் தோட்டத்தில் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) மேற்கே ஒரு மண்மேடு இருந்தது. இடுப்பளவு உயரம், ஒருபுறம் நீளமான சரிவு. கிணறு வெட்டியபோது வாரிப் போட்ட மண் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். டிராக்டருக்கென்றே அப்பாரு (தாத்தா) மண் கொட்டி எழுப்பிய மேடு அது என்று பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் உழவு முடிந்ததும் வண்டியை ரிவர்ஸில் மேட்டின் மேல் ஏற்றி, சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்துவிட்டு இறங்குவார். காலையில் செல்ஃப் எடுக்காது என்பது சாவியைத் திருப்பாமலே தெரிந்த சங்கதி. கல்லை உருவிவிட்டு, கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி சரிவில் உருளவிட்டு, பாதி தூரத்தில் காலை எடுப்பார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கும், கறுப்பாகப் புகை கக்கும், ஓட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை அணைக்கவே மாட்டார். அவர் சோறு தின்னும்போதும் வேப்பமரத்தடியில் வண்டி ஓடிக்கொண்டே நிற்கும்.

பல்லடம், பொங்கலூர் பக்கம் இப்படி மேடு வைத்திருந்த தோட்டங்கள் வேறு நாலைந்தும் எனக்குத் தெரியும். வண்டிக்கு என்னங்க கோளாறு என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "சார்ஜ் ஏற மாட்டேங்குதுங்க." எப்போதிருந்து என்று கேட்டால், "அது வந்த நாள்லிருந்தே அப்படித்தானுங்க."

இப்போது அந்த மேடு இருந்த இடத்தில் கோழிப்பண்ணையின் ஒரு மூலை நிற்கிறது. வண்டி இன்னும் இருக்கிறது. சார்ஜ் தகராறும் போன வருஷம் வரைக்கும் இருந்தது. வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக உழைத்த இரும்பின் மீது குற்றம் சொல்வது நியாயமும் இல்லை. குற்றம் அதன்மேல் இல்லை என்பதும் கடைசியில் தெரிந்துபோயிற்று.

பழைய டிராக்டரில் இந்தத் தகராறு தலைமுறை தாண்டி நிற்பதற்கு முதல் காரணம் டீசல் எஞ்சினின் குணம். பெட்ரோல் வண்டிக்கு ஒவ்வொரு வெடிப்புக்கும் பிளக்கில் பொறி வேண்டும். பழைய டீசலுக்கு அது தேவையில்லை. காற்றை நெருக்கி நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்ற வைக்கிறது. எண்ணெயைத் தள்ளுகிற பம்பு எஞ்சினே சுழற்றுகிற கியரில் ஓடுவது. ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டுக்கூட உழலாம். அதனால் சார்ஜ் ஏறாவிட்டால் வேலை நிற்காது. வேலை நிற்காத கோளாறுக்குப் பட்டறைச் செலவு செய்ய எந்த விவசாயிக்கு மனசு வரும்? மேடு போதும்.

இன்னொரு காரணம், சார்ஜ் ஏற்றுகிற டைனமோ. அது இங்கே வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் டிராக்டர் கம்பெனியான டாஃபே 1960-இல் தொடங்கப்பட்டது. மாஸ்ஸி ஃபெர்குசன் கூட்டில் அது செய்த சின்ன வண்டிகள்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'டிராக்டர்' என்ற சொல்லுக்கே உருவம் கொடுத்தவை. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1959-இல், ஃபரீதாபாத்தில் ஐஷர் தன் முதல் வண்டியை வெளியே விட்டிருந்தது. 1961-இல் சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். வந்தது. டைனமோ, செல்ஃப் மோட்டார் எல்லாம் இங்கேயே செய்யப்பட்டன. உழுகிற வண்டியும் அதற்கு வெளிச்சம் தருகிற சாமானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே ஊரில் பிறந்தவை என்று சொல்லலாம்.

லூகாஸின் தாய்க் கம்பெனி இங்கிலாந்தின் பர்மிங்காமில் விளக்கு செய்து வளர்ந்தது. ஜோசப் லூகாஸ் என்கிற அந்த விளக்குக்காரருக்குப் பிற்காலத்து இங்கிலாந்துக் கார்ப் பிரியர்கள் வைத்த கேலிப் பட்டம் 'இருட்டின் இளவரசர்'. பழைய பிரிட்டிஷ் கார்களில் ராத்திரி திடீரென்று விளக்கு போய்விடும் என்பதால் வந்த பெயர். எனக்கு அந்தக் கேலியில் முழுச் சம்மதமில்லை. ஈரம் வற்றாத ஊரில் இரும்புக்கும் செம்புக்கும் நடுவே துரு ஏறுவதற்குச் சாமான் செய்தவர் என்ன பண்ணுவார்? இதே சங்கதி கடைசியில் எங்கள் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்ததால்தான் இங்கே சொல்கிறேன்.

அன்றைய டைனமோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது ஒரு கனத்த இரும்புக் குழாய். உள்ளே இரண்டு ஃபீல்டு காயில்கள் அசையாமல் நிற்கும். நடுவே ஆர்மேச்சர் சுழலும். கரண்டு பிறப்பது சுழலுகிற ஆர்மேச்சரில். அதை வெளியே எடுக்க ஆர்மேச்சரின் நுனியில் செம்புப் பட்டைகளால் ஆன கம்யூட்டேட்டர். அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும் இரண்டு கார்பன். எஞ்சின் சும்மா ஐடிலில் ஓடும்போது இதால் ஒன்றும் பெரிதாகத் தர முடியாது. போர்டில் சிவப்பு விளக்கு மினுமினுக்கும். ஆக்சிலேட்டரைத் தூக்கினால்தான் விளக்கு அணையும். முழு வேகத்தில் ஓடினாலும் சுமார் இருபது ஆம்பியர்தான். முன்விளக்கு இரண்டும் பின்னால் கலப்பை விளக்கும் எரிந்தால் அதில் பாதி அங்கேயே போய்விடும்.

டைனமோ மட்டும் தனியாக நிற்காது. பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. கட்-அவுட் என்போம். உள்ளே இரண்டு காந்தச் சுருள். ஒன்று, டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியைத் தாண்டியதும் 'டிக்' என்று ஒட்டிக்கொண்டு வழி திறந்துவிடும். எஞ்சின் நின்றால் பிரிந்துகொள்ளும். இன்னொன்று வோல்டேஜ் ஏறி ஏறிப் போய்விடாமல் பிடித்து வைக்கும். முதல் சுருளின் பிளாட்டினம் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போனால் கதை தலைகீழ். பேட்டரி டைனமோவை மோட்டார் மாதிரிச் சுழற்றப் பார்க்கும். பெல்ட் பிடித்திருப்பதால் சுழலவும் முடியாது. ராத்திரியோடு ராத்திரியாக பேட்டரி வற்றி, காயில் கருகிக் கிடக்கும்.

இதையெல்லாம் நான் கற்றது புத்தகத்தில் இல்லை. கோயமுத்தூர்-திருச்சி ரோட்டில் இருந்த ஒரு பட்டறை வாசலில், அப்பாவோடு போய்க் காத்திருந்த மத்தியானங்களில். பட்டறைக்காரர் அடிப்படையில் மோட்டார் காயில் கட்டுகிறவர். கிணற்று மோட்டார் எரிந்தால் அவரிடம்தான் வரும். டைனமோ ஆர்மேச்சரும் அவர் கைக்கு இன்னொரு மோட்டார்தான். இந்த மண்ணுக்கு அது புதிதில்லை. இங்கிருந்து சூலூர் பக்கம் இருக்கிற கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, இளவயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கி, முதல் காரியமாகப் பிரித்துப் பார்த்தவர் அல்லவா? பிறகு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரு பஸ் விட்டு ஆரம்பித்தார். கொங்கு நாட்டுப் பட்டறைகளில் பாதிப்பேருக்கு இந்தப் பிரித்துப் பார்க்கிற வியாதி உண்டு.

பட்டறைக்காரரிடம் டைனமோவைக் கொண்டுபோய் வைத்தால் உடனே கழற்ற மாட்டார். "வண்டி எங்க தம்பி?" என்பார். தோட்டத்தில் இருக்கிறது என்றால், "டைனமோவை மட்டும் தூக்கிட்டு வந்தா எப்படிங்க? வயித்துவலிக்காரன் வயித்தை மட்டும் அனுப்புன மாதிரி இருக்குது" என்பார். வண்டியை உருட்டியாவது கொண்டுவரச் செய்வார். வந்ததும் கையில் எடுப்பது ஒரு பல்பு, இரண்டு வயர், ஒரு ஸ்குரூடிரைவர். அவ்வளவுதான் சாமான். முதலில் பெல்ட்டை விரலால் அமுக்குவார். அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே போனால் அங்கேயே தீர்ப்பு. பிறகு பேட்டரி முனைகளில் பூத்திருக்கிற வெள்ளையும் பச்சையுமான பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவச் சொல்வார். பிறகு எர்த் வயரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். இதற்குள்ளேயே பாதி வண்டிகள் குணமாகித் திரும்பிவிடும். காசும் வாங்க மாட்டார், டீயோடு சரி.

அதிலும் தீரவில்லை என்றால்தான் டைனமோ. அதில் இரண்டு முனை, பெரியதும் சின்னதும். இரண்டிலிருந்தும் வயரைக் கழற்றி, இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, அதற்கும் பாடிக்கும் நடுவே பல்பைப் பிடித்து, எஞ்சினை மெல்லத் தூக்கச் சொல்வார். பல்பு பளிச்சென்று எரிந்தால் டைனமோவில் குற்றமில்லை, கட்-அவுட் பெட்டியைப் பார். மங்கலாக எரிந்தால் கார்பன், கம்யூட்டேட்டர். எரியவே இல்லை என்றால் காயில். மூன்றே கேள்வி, மூன்று பதில்.

கம்யூட்டேட்டரைத் துடைக்க எமரிச் சீட்டை எடுத்த ஒரு பையன் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. எமரியின் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டால் கரண்டு குறுக்கே பாயும். மரவேலைக்குத் தேய்க்கிற கண்ணாடித்தூள் பேப்பர்தான் போட வேண்டும். பட்டைகளுக்கு நடுவே இருக்கிற மைக்காவை உடைந்த ஆக்ஸா பிளேடால் மயிரிழை ஆழம் கீறி விடுவார். பின்புற புஷ்ஷுக்கு எண்ணெய் விடும் ஓட்டையில் இரண்டே சொட்டு. மூன்றாவது சொட்டு கார்பனில் போய் ஒட்டும் என்பார். எல்லாம் பூட்டிய பிறகு, வயர் மாட்டுவதற்கு முன், பேட்டரியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து டைனமோவின் சின்ன முனையில் ஒரு தொடு தொடுவார். சின்னதாய் ஒரு பொறி. அந்தத் தொடுதலில்தான் உள்ளே இருக்கிற இரும்புக்கு வடக்கும் தெற்கும் நிச்சயமாகும். அது மாறிப்போனால் டைனமோ தலைகீழாகக் கரண்டு தரும். எனக்கு அது அன்றைக்கு விபூதி பூசி எழுப்புகிற மாதிரித் தெரிந்தது.

இவ்வளவு பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது? குணம் மட்டும் காரணமில்லை. புது டைனமோவுக்குக் கோயமுத்தூர் போக வேண்டும். விலையைக் கேட்டால் மாட்டை விற்கலாமா என்று தோன்றும். சாமான் அருமை, ஆள் கூலி குறைச்சல். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் எதையும் மாற்ற முடியாது. பேட்டரியையும் அப்படித்தான் பிழைக்க வைத்தார்கள். மேலே தார் ஊற்றி மூடிய கறுப்புப் பெட்டி பேட்டரி. செத்த செல்லை மட்டும் உடைத்துப் பிளேட் மாற்றித் தருகிற கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. இன்றைக்கு பழைய பேட்டரியை ஈயத்தின் எடைக்கு எடுத்துக்கொண்டு புதுசு தந்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தைத் தூக்கி வைத்துப் பேசவும் நான் தயாரில்லை. அவ்வளவு கைத்திறன் இருந்தும் எங்கள் வண்டி வருஷத்தில் பாதிநாள் மேட்டில்தானே நின்றது? டைனமோ என்பது ஒவ்வொரு போகத்துக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய சாமான். செம்மண் புழுதியில் கார்பன் மாவாகத் தேயும். சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணப்போய் கால் முறிந்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. வேலை செய்யாத செல்ஃப் சுவிட்சுக்குப் பதிலாகக் கீழே நின்று ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க எடுப்பார்கள். கியரில் நிற்கிற வண்டி அப்படியே ஆள்மேல் ஏறிவிடும். இன்னும் செய்கிறார்கள். செய்யாதீர்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீருக்கும் இந்தத் தகராறில் பங்கு உண்டு. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம் நான்கு மண்டலமாகப் பிரிக்கப்பட்டது. ஒரு மண்டலத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வருவது சுமாராக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. தண்ணீர் வந்தால் இரவு பகலாக வேலை. வராத நாளில் டிராக்டர் மாசக்கணக்கில் கொட்டகையில் தூங்கும். பேட்டரி தூங்கவும் கூடாது, பட்டினி கிடக்கவும் கூடாது. சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும், சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. முழு பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே போய்ப் பல வாரம் கிடந்தால் பிளேட்டில் சல்ஃபேட் இறுகிப்போய், பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் ஏறாது. தண்ணீர் திறந்த அன்றைக்கு வண்டியை எடுப்போம். எடுக்காது. டைனமோதான் சரியில்லை என்று முடிவு கட்டுவோம். தப்பு செய்தது டைனமோ இல்லை, வாய்க்கால் முறை.

எண்பதுகளிலிருந்து ஆல்டர்னேட்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வண்டிகளுக்கும் வந்தது. எங்கள் வண்டிக்கு அப்பா மாற்றினார். பட்டறைக்காரர் பிராக்கெட் அடித்து, கட்-அவுட் பெட்டியைக் கழற்றித் தூர வைத்தார். அதில் அவருக்கு இருந்த வெறுப்பு முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சாமான் நல்ல சாமான் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆல்டர்னேட்டரில் சுழலுவது காந்தம், கரண்டு பிறப்பது அசையாமல் நிற்கிற காயிலில். அதனால் கார்பன் வழியே போவது காந்தத்துக்கான சின்னக் கரண்டு மட்டும், தேய்மானம் சொற்பம். பிறக்கிற ஏ.சி. கரண்டை உள்ளேயே இருக்கிற டயோடுகள் டி.சி.யாகத் திருப்பிவிடும். கட்-அவுட்டின் வேலையையும் டயோடே செய்துவிடுகிறது. கரண்டு திரும்பி வர விடாது. ஐடிலிலேயே சார்ஜ் ஏறும். டிராக்டர்களில் சாதாரணமாக வருவது 36 ஆம்பியர்.

மேட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்பாரு மட்டும் சாகும்வரை வண்டியை அதன்மேல்தான் நிறுத்தினார்.

ஆல்டர்னேட்டர் வந்தபிறகு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். சில வருஷம் சரியாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல பழைய பாட்டு. வேலையும் மாறிவிட்டிருந்தது. பகலில் டிரைவர் கிடைப்பதில்லை, தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்விடுகிறார்கள். உழவு ராத்திரிக்குப் போனது. விளக்கு நாலு, பாட்டுப்பெட்டி ஒன்று, செல்போன் சார்ஜர் ஒன்று. கோழி எரு ஏற்ற ஒரு டிரெய்லர், மண்டலத்துக்குத் தண்ணீர் வராத வருஷம் தென்னைக்கு ஊற்ற ஒரு டேங்கர். அணைத்து அணைத்து எடுக்கிற வேலை. ஒரு நடைக்கு ஆறு தடவை செல்ஃப்.

நாலு வருஷத்தில் மூன்று பேட்டரி, இரண்டு ஆல்டர்னேட்டர் மாற்றினோம். இதில் வினோதம், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சரியாகிவிடும். ஐந்தாறு மாசம் வண்டி சொன்னபடி கேட்கும். மழைக்காலம் கழிந்ததும் மறுபடி சிவப்பு விளக்கு. 'இப்ப வர்ற சாமான் எல்லாம் சத்தில்லைங்க' என்று கடைக்காரரும் நானும் சேர்ந்து ஒப்பாரி வைப்போம். இன்னொரு ஆல்டர்னேட்டர் வரும். சாமானுக்குத் தட்டுப்பாடே இல்லை. காலையில் சொன்னால் சாயங்காலம் கையில். கழற்றி மாட்ட அரை மணி. கோளாறு தேட ஒரு நாள் ஆகும், அந்த நாளுக்குக் கூலி யார் தருவார்கள்?

பழைய பட்டறைக்காரர் இப்போது இல்லை. அவர் பேரன், ஐ.டி.ஐ. படித்தவன், கையில் மஞ்சள் நிற மல்ட்டிமீட்டரோடு போன வருஷம் தோட்டத்துக்கே வந்தான். நான் டெஸ்ட் பல்பை எடுத்து நீட்டினேன், தாத்தா ஞாபகத்தில். "அது இதுக்கு ஆகாதுங்க மாமா" என்றான். ஏன் என்று அவன் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. பல்பு, கரண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். எவ்வளவு வழியில் தொலைகிறது என்று சொல்லாது. 14 வோல்ட்டிலும் பல்பு எரியும், 12-லும் எரியும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளைப் போடச் சொல்லி, ஆல்டர்னேட்டரின் முனைக்கும் அதன் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்தான். 14.2. குற்றமில்லை. பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே வைத்தான். 12.3. இரண்டு வோல்ட் நடுவழியில் காணோம். பாசிட்டிவ் பக்கம் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு அளந்தான், கால் வோல்ட்கூட இல்லை. நெகட்டிவ் முனையில் ஒரு முள்ளும், ஆல்டர்னேட்டர் பாடியில் ஒரு முள்ளும். மீட்டர் கிட்டத்தட்ட இரண்டைக் காட்டியது.

ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டைக் கழற்றினோம். எஞ்சினோடு ஒட்டுகிற இடம் முழுக்கப் பெயிண்ட். ஆயுத பூஜைக்கு வண்டியை மினுக்க, வருஷா வருஷம் நானே பிரஷ் பிடித்து அடித்த பெயிண்ட். அதன் விளிம்பில் துரு. எர்த் வயரின் மறுமுனை பூட்டியிருந்த இடத்திலும் அதே கதை. இரும்பும் இரும்பும் தொடுவதே இல்லை. போல்டின் மரை வழியாகத்தான் கரண்டு திக்கித் திணறிப் போய்க்கொண்டிருந்தது. கணக்கு எளிது: ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 20 ஆம்பியர் போகும்போது 2 வோல்ட் அங்கேயே சூடாகத் தீர்ந்துவிடும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிற ரெகுலேட்டர் தன் வாசலில் 14 இருப்பதைப் பார்த்துத் திருப்தியாக இருக்கும். பேட்டரி பட்டினி கிடக்கும்.

ஒவ்வொரு தடவையும் புது ஆல்டர்னேட்டர் போட்டதும் ஏன் சரியானது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. கழற்றி மாட்டும்போது போல்ட் புதுசாய் உரசி, பெயிண்டைக் கொஞ்சம் கீறி, வெள்ளை இரும்பைத் தொட்டிருக்கிறது. அந்தக் கீறல் துருப்பிடிக்க ஐந்தாறு மாசம். நாங்கள் காசு கொடுத்தது ஆல்டர்னேட்டருக்கு. வேலை செய்தது ஸ்பேனர். பழைய சாமானில் குற்றமே இல்லாமல் இருந்திருக்கும். இரண்டையும் இரும்பு விலைக்குப் போட்டுவிட்டேன்.

பையன் ஒட்டுமிடங்களைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, புது எர்த் வயர் ஒன்றை பேட்டரியிலிருந்து நேராக ஆல்டர்னேட்டர் பாடிக்கே இழுத்து, மேலே கிரீஸ் தடவினான். மீட்டரில் வித்தியாசம் பத்தில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்தது. வயரை ஆட்டிப் பார்த்த தாத்தாவுக்கு இது தெரிந்திருக்குமா என்று கேட்டேன். "அவரு பெயிண்ட் அடிச்ச வண்டியே வாங்க மாட்டாருங்க" என்று சிரித்தான்.

இதே மாதிரி இன்னொன்று சிவப்பு விளக்கு. டைனமோ வண்டியில் அது வெறும் அறிவிப்பு. பல்பு போனாலும் சார்ஜ் ஏறும். ஆல்டர்னேட்டர் பலவற்றில் அந்த விளக்கின் வழியாகத்தான் காந்தம் எழும்ப முதல் கரண்டே போகிறது. பல்பு பீஸ் போனால் ஆல்டர்னேட்டர் விழிக்காமல் சும்மா சுழலும். சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்; எரியாவிட்டால் முதலில் மாற்ற வேண்டியது அந்தச் சின்ன பல்பை.

இப்போது வருகிற பெரிய வண்டிகளின் சங்கதி வேறு. 50 குதிரைச்சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதுப் புகை விதிகள் அமலில் இருக்கின்றன. அதற்காக எண்ணெயைத் தெளிப்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற எஞ்சின்கள் வந்துவிட்டன. அந்த எஞ்சினுக்கு ஓடுவதற்கும் கரண்டு வேண்டும். பேட்டரியைத் திண்ணையில் வைத்துவிட்டு உழுகிற கதை அங்கே நடக்காது. எர்த் வயரில் இரண்டு வோல்ட் தொலைந்தால் கம்ப்யூட்டர் என்னென்னவோ கோளாறுகளைச் சொல்லும், எர்த் வயரைத் தவிர. மேடு கட்டினாலும் பயனில்லை.

வண்டியை வெல்டிங்குக்கு விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல்லடத்தில் டிரெய்லர் கொக்கி, கலப்பைச் சட்டம் என்று தினமும் யாராவது ஒருவர் டிராக்டரோடு சேர்த்தே வெல்டிங் வைத்துக்கொண்டிருப்பார். வெல்டிங் கரண்டு பாடி வழியே திரும்பும்போது ஆல்டர்னேட்டர் டயோடைச் சுட்டுவிடும். சுட்ட டயோடு, வண்டி கொட்டகையில் தூங்கும்போது பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எர்த் கிளாம்பை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றி வையுங்கள், முதலில் எர்த் பக்கம். மாட்டும்போது எர்த் கடைசியாக. பத்து நம்பர் ஸ்பேனரோ பதின்மூன்றோ, அதைக் கழற்ற இரண்டு நிமிஷம் ஆகும்.